மாதா காலடியில் வந்த பாம்பு

லுபும்பாஷி நகரத்துக் கட்டூபாப் பேட்டையில் ஓவியர் மோங்காவைத் தெரியாத வீடு கிடையாது. மாவுச் சாக்கைப் பிரித்துக் கழுவிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதில் எண்ணெய்ச் சாயத்தால் படம் வரைவார். ஆறேழு சேர்ந்ததும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்பார். லுபும்பாஷியில் அவரைப் போல ஓவியர்கள் நிறையப் பேர். எல்லாரும் வரைவது ஏறக்குறைய ஒன்றேதான்: பெல்ஜியக்காரர் ஆண்ட காலத்துச் சிறைமுற்றம், தாமிரச் சுரங்கத்துப் புகைபோக்கி, அப்புறம் மீன்கன்னி.

போட்டி போட்டுக்கொண்டு வாங்குவது மீன்கன்னியைத்தான். இடுப்புக்கு மேலே பெண், கீழே மீன், தோளில் பச்சைப் பாம்பு. ஏரிக்கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் இருக்கிற வீட்டில் செல்வம் சேரும் என்று பேச்சு. சுரங்கத்தில் வேலை கிடைத்தவன் நாற்காலி வாங்குவதற்கு முன்னால் அவளை வாங்கி முன்னறையில் மாட்டிவிடுவான்.

மோங்காவோ ஒரு நாள் பூசையும் தவறவிடாத மனிதர். கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் அவர் எடுத்தால் பெஞ்சு அதிரும். ஆனாலும் பதினோரு வருஷமாக அவருக்குப் பின்வரிசைதான், அதுவும் தூணுக்குப் பின்னால்.

"வாரத்துக்கு நாலு மீன்கன்னிப் பிசாசை வித்துட்டு பீடத்துக்கு முன்னால வந்து நிக்காதே மோங்கா" என்று ஃபாதர் கலும்பா சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் மனைவி முஜிங்கா விடமாட்டாள். "இன்னிக்கும் தூணுக்கு நல்லா பாடிக் காட்டினீங்களா?"

மோங்காவும் அவளோடு சேர்ந்து சிரித்துவிடுவார். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று இருக்கும். முன்வரிசையில் நின்று ஒரு பாட்டு, அது ஒன்றுதான் அவருடைய ஆசை.

அந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம். அந்த வருஷம் அந்தக் குளிரில் ஃபாதரே வீடு தேடி வந்தார். "ஆகஸ்ட் பதினஞ்சு திருநாளுக்கு மாதா படம் ஒண்ணு வேணும், ஆளுயரத்துக்கு. மனசு குளிர வரைஞ்சு குடு. அன்னிக்கே முன்வரிசைக்கு வந்துடு."

மோங்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கடைத்தெருவில் வெள்ளைச் சாயம் ஒரு டப்பா கிடையாது. நீலம் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய சாக்கும் அகப்படவில்லை. மூலையில் ஒரு பெரிய மீன்கன்னி மட்டும் நின்றது. கண் மாறுகண்ணாக இருக்கிறதென்று வாங்க வந்தவர் விட்டுப்போனது.

அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். ஏரித் தண்ணீர் மேலே போய் வானமாகிவிட்டது. நீலம் மிச்சம்!

"ஐயையோ, அவ மேலயா மாதாவை வரையப் போறீங்க?" என்றாள் முஜிங்கா.

"தெரியாதுடி. மூடிடுவேன்."

இருந்த சாயத்தில் மண்ணெண்ணெய் விட்டுத் தண்ணியாகக் கரைத்து, ஜெபம் சொல்லிக்கொண்டே மூடினார். மாதாவின் முகம் எங்கிருந்தோ வந்து தானாக அமர்ந்தது. திருநாளன்று படத்தைத் திறந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். மோங்கா முன்வரிசையில் நின்று பாடினார். முஜிங்காவுக்கு அன்று கேலி செய்ய வாய் வரவில்லை.

அக்டோபரில் வெயில் கொளுத்தியது. ஒரு மாலை ஜெபமாலை நடுவில், மாதா சபைத் தலைவி தாபு அக்கா மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"பாம்பு! மாதா காலடியில பாம்பு!"

தண்ணிச் சாயத்தைத் தாண்டி மீன்கன்னியின் பச்சைப் பாம்பு மேலே வந்திருந்தது, சரியாக மாதாவின் குதிகாலுக்குக் கீழே. "நேத்து இல்லையே! சாத்தானை மாதா மிதிச்சுட்டாங்க! புதுமை, புதுமை!" என்று சனம் முழந்தாளிட்டது. மறுநாள் பக்கத்துப் பங்குக் கோயிலிலிருந்தும் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள்.

முன்வரிசையில் நின்றும் மோங்காவால் வாய்விட்டுப் பாட முடியவில்லை.

"சும்மா இருங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் முஜிங்கா.

"மாதாவுக்குத் தெரியுமே."

சனிக்கிழமை ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நான் சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். நாளைக்கு நீயே சொல்லிடு" என்றார் ஃபாதர்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மோங்கா தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"புதுமை இல்லீங்க. சாயம் பத்தல. அடியில மீன்கன்னி இருக்கா, தலைகீழா. அந்தப் பாம்பு அவளோடது. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் தூணை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

"நில்லு தம்பி" என்றாள் தாபு அக்கா. "அந்தக் கள்ளி தலைகீழாவா கிடக்கா?"

"ஆமாக்கா."

"அவ மேலயா நம்ம அம்மா நிக்கிறாங்க?"

"ஆமாக்கா."

"அப்புறம் என்னய்யா? எங்க வீட்டுக்காரரு மாட்டி வச்சிருக்கிறவளை இருபது வருஷமா என்னால இறக்க முடியல. இங்க அம்மா ஏறியே நின்னுட்டாங்க! படத்தை எவனாவது தொட்டுப் பாருங்க!"

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு கிளம்பியது. ஆண்கள் பக்கம் பல பேர் கூரையைப் பார்த்தார்கள். ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மோங்கா, கடைசிப் பாட்டு இன்னும் பாடலையே" என்று முன்வரிசையைக் காட்டினார். அன்று அவர் எடுத்த எடுப்பில் ஜன்னல் கண்ணாடி கடகடத்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மீன்வாலும் தலைகாட்டியது, மாதாவின் தலைக்குப் பக்கத்தில், கவடு விரிந்து. இந்த முறை மோங்கா பயப்படவில்லை. வெள்ளைச் சாயம் கடைக்கு வந்திருந்தது. வாலின் மேல் ஒரு தேவதூதனை வரைய ஏணி வைத்து ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு தாபு அக்கா உத்தரவு போட்டாள்.

"சம்மனசுக்குச் சிறகை இன்னும் கொஞ்சம் அகலமா போடு தம்பி. வாலு தெரியுது!"