வால்வுக்குச் சரியாக ஒரு கல்

அந்தத் தெருவில் குழாய் ரிப்பேர்காரர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'சர்க்கஸ்' வீடு என்றால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். அந்தப் பட்டத்தால் அவர் மனைவிக்கும் ஒரு பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. கடையில் நின்றாலும் 'சர்க்கஸ் வீட்டம்மா', பஸ் ஏறினாலும் 'சர்க்கஸ் வீட்டம்மா'. கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டத்தைச் சம்பாதித்துக் கொடுத்த மனுஷருக்கோ உள்ளூரப் பெருமை பிடிபடவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை விற்றுத் தள்ளிவிட்டு, ஒரே ஒரு சக்கரமும் அதன் தலையில் ஒரு சீட்டுமாக இருந்த அந்தச் சனியனை அவர் வீட்டுக்குத் தூக்கி வந்த அன்றே அவள் கேட்டாள்.

"இதுல சாமான எங்கங்க வைப்பீங்க?"

"உனக்கென்ன தெரியும்? இதுக்கு ஹேண்டில்பாரே கிடையாது. ரெண்டு கையும் சும்மாதான இருக்கும்? கடையையே தூக்கிட்டுப் போகலாம்."

"சரி, நான் எங்க உக்கார்றது?"

அவர் சக்கரத்தை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். "இதுல இடம் இல்லையே. நீ வீட்டுல இரேன்" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஸ்கூட்டர் இருந்த காலத்தில் பின்னால் உட்கார்ந்து, கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லா வேலைக்கும் கூடப் போனவள் அவள். டார்ச் பிடிப்பாள், குழாயை அசையாமல் பிடிப்பாள், அவர் டீ குடிக்கப் போய் அங்கேயே அரட்டையில் உட்கார்ந்துவிட்டால் மிச்ச வேலையையும் முடித்து வைப்பாள். பேர் மட்டும் அவருக்குப் போகும். அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பின் சீட்டு இல்லாத ஒன்றை வாங்கும்போது அவள் நினைப்பே அவருக்கு வரவில்லை என்பதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

சும்மா இருக்கப் போகும் கைகளின் லட்சணத்தை ஊரே பார்த்தது. கிணற்றில் விழுந்தவன் கை மாதிரி அவை காற்றைத் துழாவிக்கொண்டே இருந்தன. ஏறுவதற்கு ஒரு சுவர் வேண்டும், நிற்பதற்கு ஒரு கம்பம் வேண்டும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் பக்கத்து வேனின் கண்ணாடியைப் பிடித்துத் தொங்குவார். இடுப்புப் பட்டை நிறைய ஸ்பேனர், தோளுக்கொரு பை. நீளக் குழாய் கொண்டுபோக வேண்டுமென்றால் அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, தெரு மொத்தத்தையும் அடைத்தபடி வருவார். நடந்து போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம்தான். ஆனால் நடந்து போகிறவனை எவன் திரும்பிப் பார்க்கிறான்?

இந்தக் கூத்தில் இன்னொரு தொல்லை. ஒரு பக்கத்துப் பை கொஞ்சம் கனத்தால் போதும், ஆள் அந்தப் பக்கமே சாய்ந்து சாக்கடைக்குள் இறங்கிவிடுவார். அதற்காகக் கொல்லைக் கதவு நிலையில் ஒரு கயிறு கட்டி, அதில் ஒரு கட்டையைக் குறுக்கே தொங்கவிட்டிருந்தார். இரண்டு முனையிலும் பைகளை மாட்டி, கட்டை சமமாக நின்றால்தான் கிளம்புவார். எந்த வேலைக்கு எந்தக் கருவி என்ற யோசனை போய், எதற்கு எது எடை சரியாக நிற்கும் என்ற யோசனை வந்துவிட்டது. வாஷர் மாற்ற வேண்டிய ஒரு வீட்டுக்கு இரண்டு சுத்தியல் போயிருக்கிறது. வாஷர் போகவில்லை.

அடுப்படியில் கணுக்கால் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு வேடிக்கை பார்க்க மனசு வருமா? ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஒரு பெண்கள் விடுதி. அதுவும் அவள் நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்தது.

"மாடி டேங்க் வால்வு போயிடுச்சு. அதை ஒழுங்கா மாத்திக் குடுங்க. அப்புறம் விடுதி வேலை பூரா உங்களுக்குத்தான்" என்றிருந்தார் வார்டனம்மா. இதையும் கோட்டை விட்டால் தொழிலையே தலைமுழுக வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பெரிய ரெஞ்சை எடுத்து வச்சீங்களா?"

"எல்லாம் எடுத்தாச்சு."

"இன்னிக்கு ஒரு நாளாவது பஸ்ல போங்களேன்."

"ஹாஸ்டல் பூரா பொண்ணுங்கடி. நம்ம கெத்து தெரிய வேணாமா?" என்று சுவரைப் பிடித்து ஏறி, தள்ளாடிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கதவு காற்றில் படாரென்று அடித்துக்கொண்டது. முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காணோம். கட்டைக்குக் கீழே பார்த்தால் பெரிய ரெஞ்ச் அம்போவென்று கிடக்கிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புது வால்வை ஒரு பையில் போட்டிருக்கிறார், ரெஞ்சை மற்றதில் போட்டிருக்கிறார், கட்டை ரெஞ்ச் பக்கம் சாய்ந்திருக்கிறது. ரெஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுக் கல்லை வைத்திருக்கிறார். வால்வும் கல்லும் சரிக்குச் சரி. தூ!

ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து ஓடினாள். விடுதி வாசலிலேயே கைதட்டல் கேட்டது. சின்ன ஸ்பேனரை வைத்துத் திருகி, உடைந்திருந்த வால்வை இன்னும் உடைத்து வைத்திருந்தார். மாடியிலிருந்து தண்ணீர் சுவரோடு கொட்டிக்கொண்டிருந்தது. கீழே முற்றத்தில் மனுஷர், தோளில் இரண்டு பையோடு, பெண்களைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு தூணைப் பிடித்து நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் வேலை பாக்க வந்தாராம்மா, வேடிக்கை காட்ட வந்தாரா?" என்றார் வார்டனம்மா.

அவள் நேரே போய் வால்வு இருந்த பையை அவர் தோளிலிருந்து உருவினாள். அவ்வளவுதான், கல் இருந்த பக்கமாகச் சாய்ந்து, தூணும் கையை விட்டுப் போய், பொத்தென்று தண்ணீரில் விழுந்தார். அதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்து, பெண்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

அவள் மாடி ஏறினாள். டேங்குக்குள் தோள்வரை கையை விட்டு, தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைத்து நிறுத்தினாள். பழையதைக் கழற்றி, திருகு மரையில் டேப் சுற்றி, புது வால்வை ரெஞ்சால் இறுக்கினாள். துணியை உருவித் தண்ணீர் விட்டபோது ஒரு சொட்டு கசியவில்லை.

"இனிமே யாருக்குப் போன் பண்ணணும்?" என்று கேட்டார் வார்டனம்மா.

"எனக்குப் பண்ணுங்க" என்றாள்.

கருவி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து சீட் காலியாக இருந்தது. பையைத் தூக்கி அதில் வைத்தாள். சொட்டச் சொட்ட நனைந்த ஆள், ஒரு கையில் சக்கரமும் ஒரு தோளில் கல்லுமாக, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"பையைக் கொஞ்சம் நகத்தேன். நானும் வந்துடறேன்."

"இதுல இடம் இல்லீங்க" என்றாள் அவள். "கல்லை மட்டும் பத்திரமாக் கொண்டு வந்துடுங்க. கதவு அடிச்சுக்குது."