ஆகஸ்ட் பதினைந்தில் அக்கா போன இடம்

அக்கா பிறந்தது திண்டுக்கல்லில் இருந்து தாடிக்கொம்பு போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில், மாதா கோயில் தெருவில். ஊரில் கத்தோலிக்கர்கள் இருப்பது அந்த ஒரு தெருவில்தான். அப்பா இறந்தபோது அக்கா எட்டாம் வகுப்பில் இருந்தார். பள்ளியை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் தையல் கற்றார். அந்த வருமானத்தில் தம்பிகள் இருவரும் படித்து வேலைக்குப் போனோம். அக்காவுக்குத் திருமணம் அமையவில்லை என்று உறவினர்களிடம் சொல்லி வந்திருக்கிறோம். எங்கள் படிப்பு முடியும்வரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முடிந்த பிறகும் எடுக்கவில்லை என்பதுதான் சரி.

எங்கள் தெருவுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில் ஓர் ஓடை உண்டு. மழைக்காலத்தில் சவப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை சேர வேண்டும். அம்மாவை அப்படித்தான் கொண்டுபோனோம். தொண்ணூறுகளின் நடுவில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து கிராம சபை கூடத் தொடங்கியதும், அக்கா அங்கே போய் ஓடைக்கு ஒரு சிறுபாலம் கேட்டார்.

தலைவர் மரியாதையாகவே பதில் சொன்னாராம். பாலம் வேண்டும் என்று ஒருவர்தானே கேட்கிறார், தெருவில் வேறு யாரும் கேட்கவில்லையே என்றாராம். வருகைப் பதிவேட்டில் எங்கள் தெருவின் கையெழுத்து அக்காவுடையது மட்டும்.

ஆண்டுக்கு நான்கு முறை கிராம சபை கூடும். மூன்று கூட்டங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் பூப்பறிக்கும் வேலை என்பார்கள். நான்காவது ஆகஸ்ட் பதினைந்து. அன்று மாதாவின் விண்ணேற்புத் திருவிழா. சுதந்திர தினக் கொடியேற்றி ஊர் கூடும் நேரத்தில் எங்கள் தெரு முழுவதும் திருப்பலியில் இருக்கும். அக்கா மட்டும் திருவிழாச் சேலையோடு பஞ்சாயத்து அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

"மாதாவ விட்டுட்டு பிரசிடெண்டக் கும்பிடப் போறியாக்கா?" என்று எதிர்வீட்டுச் செல்வராணி கேட்பார். அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவார். விருந்துக்கு வந்திருக்கும் நான் அதைக் கேட்டபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அக்கா பங்குத்தந்தையிடம் பேசிப்பேசி ஒரு வருடம் திருவிழாத் திருப்பலியை விடியற்காலைக்கு மாற்ற வைத்தார். வீடு வீடாகப் போய், பூசை முடிந்ததும் செத்த நேரம் வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொன்னார். எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. ஒருத்தர் சமையல் என்றார், ஒருத்தர் சப்பரம் சோடிக்க வேண்டும் என்றார். செல்வராணிதான் உள்ளதைச் சொன்னார்: "நீதான் போறியேக்கா. எங்களுக்கும் சேத்துச் சொல்லிர மாட்டியா?"

அந்தப் பதில் அக்காவை வேறு எதையும்விட அதிகமாகத் தொந்தரவு செய்தது. தான் போவதால்தான் மற்றவர்கள் போகாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தார். அடுத்த ஆண்டு அவர் கிராம சபைக்குப் போகவில்லை. தான் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள் என்று எண்ணிக் கோயிலில் முன்வரிசையில் இருந்தார். எங்கள் தெருவிலிருந்து அன்று ஒருவரும் போகவில்லை. அந்த ஆண்டுக்கான வேலைப் பட்டியலில் பாலம் வேறொரு தெருவுக்கு எழுதப்பட்டது.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "ஏலே, நான் ஒருத்தி போயிக் கேட்டா அது என் கோரிக்கை. தெருவே வந்து நின்னாத்தான் அது தெருவோட கோரிக்கை. இது ஏன்டா உங்களுக்கு வெளங்க மாட்டேங்குது?"

'உங்களுக்கு' என்றதில் நானும் இருந்தேன்.

அடுத்த கூட்டத்திலிருந்து மறுபடியும் தனியாகப் போனார். சர்க்கரை நோயில் கால் வீங்கிய பிறகும் போனார். சென்ற ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் காலமானார். நல்ல மழை. தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் மார்பு வரை இருந்தது. பெட்டி ஒரு முறை சரிந்தது, பிடித்துக்கொண்டோம். பெண்கள் இக்கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

இந்த ஆகஸ்ட் பதினைந்தில் திருப்பலி முடிந்து நாங்கள் பதினோரு பேர் கிராம சபைக்குப் போனோம். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. செயலாளர் எங்களைப் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவுலருந்து ஒரு அம்மா வருவாங்களே, வரலையா?" என்று கேட்டார். செய்தியைச் சொன்னோம். பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பதினோரு பேரும் வேறு யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தோம். கடைசியில் செல்வராணி எழுந்தார். "ஓடைக்குப் பாலம் வேணும்" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றோம். தீர்மானம் எழுதப்பட்டது. பாலம் இன்னும் வரவில்லை.

அக்காவின் கடைசி மூன்று நாளும் உடனிருந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், நேரம் தவறாமல் வந்து செபித்த பங்குத்தந்தைக்கும், தண்ணீரில் பெட்டியைத் தாங்கிய தோள்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று கிராம சபையில் எழுந்து நின்றவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பதிவேட்டில் எங்கள் தெருவின் பதினோரு கையெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அக்கா அதைப் பார்க்கவில்லை.