யாருக்கு ஜாலி?

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பந்து சுற்றுகிறேன் என்பேன். பேஸ்கட்பாலை விரல் நுனியில் சுழலவிட்டு, கை வழியாகத் தோளுக்கு உருட்டி, முழங்காலால் தட்டி, திரும்பவும் விரலுக்கே கொண்டுவருவேன். இதைப் பள்ளிக்கூடங்களில் செய்து காட்டிவிட்டு, கூடப் படிக்கிறவர்களைக் கேலி செய்து நோகடிப்பதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவேன். சிட்லபாக்கம் சித்தி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, பெர்மனென்டா ஏதாவது பாரேன்" என்றாள். பந்து விழாமல் நிற்கிறவரை இதுவும் பெர்மனென்ட்தான் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கேலியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. ஏழாம் வகுப்பிலேயே நான் டீச்சர்களைவிட உயரம். 'லேம்ப் போஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் யாராவது ஒருவன் சுவரில் சுவிட்ச் போடுவதுபோல நடிப்பான், வகுப்பே சிரிக்கும். அழுதால், "சும்மா ஜாலிக்குத்தான் சொன்னோம்" என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தேன்.

பதில் கிடைக்க ரொம்ப நாளாயிற்று. இப்போது அதைத்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். விரலில் பந்து சுற்றிக்கொண்டிருக்கும்போது, "சும்மா ஜாலிக்குத்தான் சொன்னேன்" என்று இழுப்பேன். பிள்ளைகள் ஒரே குரலாக "யாருக்கு ஜாலி?" என்று கத்த வேண்டும். சத்தம் பத்தவில்லை என்று திரும்பத் திரும்பக் கத்தவைப்பேன். கத்துவதற்கு அனுமதி கிடைத்தால் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்.

படப்பை பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது. பீர்க்கன்கரணையிலிருந்து காலையிலேயே ஸ்கூட்டரில் கிளம்பி, ஒரகடம் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். தகரக் கூரை போட்ட ஹால். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நாற்காலியில் பிரின்சிபல் மேடம். பிள்ளைகளை அடக்குவதற்காகப் பி.டி. சார் கையில் ஒரு மைக். எனக்கு மேடையில் ஸ்டாண்டு மைக். பந்து நன்றாகச் சுற்றியது, "யாருக்கு ஜாலி?" கூரையில் மோதித் திரும்பி வந்தது.

அடுத்து, பிள்ளைகளில் ஒருவரை மேடைக்கு அழைத்து அவர் விரலில் பந்தை ஏற்றுவேன். யாரை அழைப்பது என்பதை மட்டும் நான் யாரிடமும் விடுவதில்லை. கூட்டத்திடம் விட்டால், அது வழக்கமாகக் கேலி செய்கிற பிள்ளையைத்தான் பிடித்துத் தள்ளும். அன்றைக்கு யாரை அழைக்கலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பி.டி. சார் முந்திக்கொண்டார்.

"நம்ம கூட்ஸ் வண்டி எங்க? எழுந்து வாம்மா கூட்ஸ்."

ஹால் முழுக்க "கூ" என்று ரயில் ஊதியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒன்பதாவது இருக்கும். பருமனான உடம்பு. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். முன்வரிசைப் பொடிசு ஒன்று எனக்கு விளக்கம் சொன்னது: "ஸ்போர்ட்ஸ் டேல லாஸ்ட்டா வந்தாங்கக்கா. சார்தான் பேரு வச்சாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட்டு என்ன செய்ய? அவளைத் திருப்பி அனுப்பினால் அதற்கும் ஊதுவார்கள். மேடையில் பந்தைக் கீழே விட்டாளானால் பன்னிரண்டாவது முடிக்கிறவரை இதையே சொல்லிக் காட்டுவார்கள். மைக்கை விட்டுத் தள்ளி அழைத்துப்போய், "வேணாம்னா இறங்கிடலாம்மா" என்றேன்.

தலையாட்டி மறுத்தாள். "விழுந்துட்டா?"

"விழும். எனக்கு மாசக்கணக்கா விழுந்துது."

பந்தைச் சுழற்றி அவள் விரலில் வைத்தேன். ஒரு சுற்று நின்றது, விழுந்தது. "கூ" என்றது ஹால். சார் மைக்கில், "என்ன கூட்ஸ், ஸ்டேஷன் வர்றதுக்குள்ள தடம் புரண்டுட்ட?" என்றார். டீச்சர்கள்கூடச் சிரித்தார்கள்.

அவள் பந்தை எடுக்கப் போகவில்லை. வந்த அதே நடையில் ஸ்டாண்டு மைக்குக்குப் போனாள்.

"சார், அந்தப் பேரு எனக்குப் பிடிக்கல. அப்படிக் கூப்பிடாதீங்க."

சிரிப்பு அடங்கியது. சார் என்னைப் பார்த்தார், பிரின்சிபல் மேடமும் பார்த்தார். நான் ஒரு ஜோக் அடித்தால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும், அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். அந்தப் பெண் சொன்னது மட்டும் காற்றோடு போய்விடும். நான் கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடி நின்றேன். வேறு வழியில்லாமல் சாரே சிரித்து வைத்தார்.

"என்னம்மா நீ, சும்மா ஜாலிக்குத்தானே சொன்னேன்."

"யாருக்கு ஜாலி?"

மொத்த ஹாலும். யாரும் யோசித்துக் கேட்கவில்லை, அவ்வளவு நேரம் கத்திய பழக்கம்தான். என்ன கேட்டுவிட்டோம் என்று ஒரு கணம் கழித்துத்தான் பிள்ளைகளுக்கே உறைத்தது. சிரிப்பு கிளம்பியது. சாரின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்வானேன். ஆனால் பின்னாலிருந்து ஒருவன் சாரைப் பார்த்து "கூ" என்று ஆரம்பித்தான். லேம்ப் போஸ்ட்டுக்குச் சுவிட்ச் போட்ட கை எனக்கு ஞாபகம் வந்தது. கீழே கிடந்த பந்தை எடுத்து ஓங்கித் தரையில் அடித்தேன், ஹால் அதிர்ந்தது.

"போதும். கேள்வி கேட்டாச்சு. பதில் வர்ற வரைக்கும் யாரும் சத்தம் போடக் கூடாது."

சார் கையிலிருந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார், அட்டென்டன்ஸில் கூப்பிடுவதுபோல இனிஷியலோடு. அந்த ஹாலில் அப்போதுதான் அவள் பெயர் என் காதில் விழுந்தது. "தப்புதாம்மா. இனிமே கூப்பிடல" என்றார். குரல் சரியாக எழும்பவில்லை, ஆனால் மைக் ஆனில் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

அவள் சிரிக்கவில்லை. சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னொரு வாட்டி சுத்திக் குடுங்கக்கா."

கொடுத்தேன். விழுந்தது. யாரும் ஊதவில்லை. அவளே போய் எடுத்துவந்து, மறுபடியும் என்னிடம் நீட்டினாள்.