சிவப்பு விளக்கின் மேல் ஒட்டிய வாக்குத்தத்த அட்டை

என் மகள் நர்ஸ் படிப்பு முடித்ததும் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். சனிக்கிழமை தோறும் நான்தான் ஆம்பூரிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் போய்க் கூட்டிவருவேன். ஞாயிறு ஆராதனைக்கு அவள் எங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மலைப்பாதைக் கல் வண்டிக்கு அடியில் இடித்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக் பாய் ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை கொடுத்து இரண்டு இஞ்ச் தூக்கிவிட்டார். மறுநாளே மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பயந்துபோய் ஓடினேன். அவர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வண்டி ஒசந்துடுச்சி, சக்கரத்துக்குப் போற சென்சார் ஒயரு ஒசரல. இழுத்துக்கினு கயண்டு போச்சு. இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்தீங்கண்ணே?"

ஒயரை நீட்டிக் கட்டினார். விளக்கு அணைந்தது. கிளம்பும்போது சொன்னார்: "மஞ்சள் எரிஞ்சா மெதுவா வாங்க. சேப்பு எரிஞ்சா வண்டிய அங்கியே வுட்டுட்டு நடந்தாவது வாங்க."

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சிவப்பு எரிந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் அது எரியும் என்று பார்த்தேன், இறங்கித்தான் இருந்தது. பாய் கடை பெருநாளுக்கு மூடியிருந்தது. மகள் காத்திருப்பாள். இதுவும் ஒயராகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். முழங்கால் போட்டு ஜெபித்தேன். கண்ணை உறுத்திக்கொண்டே இருந்த விளக்கின் மேல், புதுவருஷ ஆராதனையில் தட்டிலிருந்து நான் எடுத்த, பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை ஒட்டினேன். அப்புறம் வசனம் மட்டும்தான் தெரிந்தது. மனசு லேசாச்சு. அதை விசுவாசம் என்று நினைத்தேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது மூன்றாவது வளைவில் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது.

"இன்னாப்பா?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் மண்மேட்டில் இடித்து நின்றோம். எனக்குக் கீறல்கூட இல்லை. அவள் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போச்சு.

பாய் இந்த முறை சிரிக்கவில்லை. பின்சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஓஸும் அந்த ஒயரைப் போலவே நீளம் பத்தாமல் இழுபட்டு வெடித்திருந்தது. பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. "நானும் அன்னிக்கே ஓஸப் பாத்திருக்கணும்ணே" என்றார். பிறகு அட்டையைப் பார்த்தார். பிரித்தெடுத்து என் கையில் கொடுத்தார்.

எலும்பு கூடியது. இரண்டு விரல் மடங்கவில்லை. நரம்பு தேடி ஊசி போட முடியாது என்று சீட்டு எழுதும் கவுண்டரில் உட்காரவைத்துவிட்டார்கள். இடது கையால் எழுதப் பழகினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

கர்த்தரை நான் குறை சொல்லவில்லை. அவர் விளக்கைக் காட்டினார். அவருடைய வார்த்தையைக் கொண்டே நான்தான் மூடினேன். இப்போதும் வருஷா வருஷம் சபையில் அட்டைத் தட்டு வரும்போது என் கை நீளுவதில்லை. அவளே இடது கையால் எனக்கும் ஒன்று எடுத்துத் தருகிறாள். படிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.