அப்பாவின் ஜீனும் பொன்முடி வாந்தியும்

போன ஞாயிற்றுக்கிழமை, கழக்கூட்டத்தில் குடியிருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தான். கையில் கத்தரித்த பத்திரிகைத் துண்டு. முகமோ சாவு வீட்டுக்கு வந்தவனுடைய முகம்.

"படிச்சுப் பாருடே!"

படித்தேன். அல்சைமர் என்கிற மறதி நோய் வரும் அபாயம் சிலருக்கு ஜீனிலேயே இருக்கிறதாம். சின்ன வயதில், மூளை வளரும்போதே, ஞாபகசக்தியில் அது தெரியுமா என்று ஆராய்கிறார்களாம். ஆராய்ந்துவிட்டுப் போகட்டுமே... அதற்கு நாங்கள் ஏன் பதற வேண்டும்?

காரணம் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு அந்த நோய்தான். கடைசி இரண்டு வருடம் என்னை "சார்" என்று கூப்பிட்டு, நாற்காலி இழுத்துப் போட்டார். நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அண்ணன், அக்கா, கடைக்குட்டி நான் — அடுத்தது யார்?

டாக்டர் எதற்கு? அக்காவையும் வரவழைத்து அண்ணனே பரீட்சை வைத்தான். சின்ன வயதில் பொன்முடி மலைக்குப் போனோமே, யாருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது?

பஸ்ஸின் நிறம், கொண்டை ஊசி வளைவுகள், தேயிலை வாசனை... மூவரும் மடமடவென்று ஒப்பித்தோம். "ஏழாவது வளைவுல நீ வாந்தி எடுத்தே" என்றான் அண்ணன்.

நானா? எடுத்தது அக்கா — அதுவும் கண்டக்டர் சட்டையில்!

அக்காவுக்கு வந்ததே கோபம். "சும்மா இருங்க ரெண்டு பேரும்! எடுத்தது அண்ணன். நாந்தான் மோந்து பாக்க எலுமிச்சங்கா குடுத்தேன்."

ஒருவர் சொல்வது சரியென்றால் மற்ற இருவருக்கும் ஜீன் நிச்சயம். எப்படி விட்டுக்கொடுப்பது? ஐம்பதைத் தாண்டிய மூன்று பேர் ஒரு வாந்திக்காகப் போட்ட சத்தத்தில் வலியசாலைத் தெருவே எட்டிப் பார்த்தது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"எதுக்கு மக்களே அடிச்சுக்கிடுதீங்க? ஒங்கள்ல ஆருமே பொன்முடி போகல்ல. மூணு பேருக்கும் காய்ச்சல். அப்பா மட்டும் ஆபீஸ்காரங்க கூடப் போனாரு. வாந்தி எடுத்ததும் அவருதான். ஒங்க பக்கத்துல இருந்து ஒரு மாசம் அந்தக் கதையச் சொன்னாரு, கேட்டியளா?"

அப்படியானால் அந்த பஸ், அந்த வளைவு, அந்த வாசனை... எல்லாமே அப்பாவின் ஞாபகம். அவர் தொலைத்ததை நாங்கள் மூன்று பேரும் சொந்தமென்று நினைத்து வைத்திருக்கிறோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜீன் வந்திருக்கிறதோ இல்லையோ, அப்பா வந்திருக்கிறார்... எனக்கு அது போதும்.

அண்ணன் மட்டும் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"எடே, அம்மாவுக்கு மறதி தொடங்கியாச்சு... சட்டுனு நல்ல டாக்டரா பாரு!"