அழகம்மாவின் கிரகணப் பழி

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அழகம்மா. 1955இல் சூரிய கிரகணம் பிடித்தபோது அவள் முழுகாமல் இருந்தாள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லையென்று குடத்தோடு வெளியே ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய்வந்தாள். அந்த ஒரு குடம் தண்ணீர்தான் பழியாக வந்து விடிந்தது.

அடுத்த மாதம் அடைமழை. ஏழு மாத வயிற்றோடு காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் நின்று, கணக்கப்பிள்ளை முத்துலிங்கத்திடம் கெஞ்சினாள்.

"கீழ்மலையில புல்லு வெட்டப் போறேங்கய்யா."

"மேமலைக்கு ஆள் பத்தல. ஏறு."

ஏறினாள். வழுக்கித் தண்ணீர் ஓடும் கான் பள்ளத்துக்குள் விழுந்தாள். அன்று மாலையே தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் சோலைமலை பிறந்தான். நீலம் பாரித்து, அழாமல் கிடந்து, எப்படியோ பிழைத்தான்.

வளர்ந்தும் நடை தள்ளாடியது. சோறு அள்ளிய கை வாய்க்குப் போகாமல் கன்னத்தில் இடித்தது. புத்தியில் குறையில்லை, பிள்ளைகள் "குடிகாரன்" என்று கத்தினால் ஓடிவந்து தாயின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

"கெரகணத்துல வெளிய போனவ பெத்தது வேற எப்படி இருக்கும்?" என்பான் புருஷன் சிவசாமி. அழகம்மாவும் அதையே நம்பி, தன்னையே சபித்துக்கொண்டாள்.

பையனுக்கு ஒன்பது வயதானபோது நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். யாழ்ப்பாணத்து டாக்டர் மகாலிங்கம் அவனை நடக்கவிட்டுப் பார்த்தார். பிறந்த கதையைக் கேட்டார்.

"பிடரிப் பக்கம் சிறுமூளை எண்டு ஒண்டு இருக்கு, அம்மா. கை கால் தடுமாறாமல் பாக்கிறது அதுதான். கண்ணுக்குத் தெரியாத நரம்புக் கலங்கள் அதின்ர மேல்பக்கத்தில பெருகி, பிறகு உள்ளுக்கு இறங்கித் தங்கட இடத்தில சேரும். வயித்துக்குள்ள கடைசி மாசங்களிலதான் அந்த வேலை மும்முரமா நடக்கும். அதுக்குள்ள இவன் பிறந்திட்டான், மூச்சும் முட்டியிருக்கு. அதாலதான் எண்டு நினைக்கிறன்."

"அப்ப கெரகணம் இல்லீங்களா?"

"இல்லவே இல்லை."

"இனிமே சரியாகுங்களா, சாமி?"

டாக்டர் மெல்லத் தலையை ஆட்டினார். "முழுசாச் சுகமாகாது, அம்மா."

வீட்டில் சொன்னாள். சிவசாமி கேட்டுவிட்டு எழுந்தான். "டாக்டரு சொன்னா ஆச்சா? அப்ப ஊரே பொய் சொல்லுதா?"

மறுநாள் பெரட்டில், பக்கத்துக் காம்பரா மீனம்மா நிறைவயிற்றோடு நின்றாள். முத்துலிங்கம் அவளையும் மேமலைக்கு விரட்டினார். அழகம்மா குறுக்கே போய் நின்றாள்.

"இவ ஏறமாட்டா. எம்புள்ளய இந்த மலதான் கெடுத்துச்சு. நீங்கதான் ஏத்துனீங்க."

"கெரகணத்துல சுத்துனவ என்னைச் சொல்றியா? இன்னைக்கு உனக்குப் பேர் கிடையாது, போ!"

பெரட்டே சிரித்தது. அழகம்மா மீனம்மாவின் கையைப் பிடித்தாள். அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"எம் பேரும் போயிரும்க்கா" என்று முணுமுணுத்துக் கூடையைத் தலையில் மாட்டினாள். மற்றவர்களோடு மேமலைக்கு ஏறினாள்.

வெறுங்கூடையோடு அழகம்மா லயத்துக்குத் திரும்பினாள். ஒருநாள் பேரும் அதற்கான கூலியும் போனதற்குச் சிவசாமி இருட்டும்வரை திட்டினான்.