எண்ணெய் கொண்டுவராத ஜீப்

போன ஞாயிறு எங்கள் மாதா கோயிலில் செபம் சொல்லி நோயாளிகளுக்கு எண்ணெய் பூசினார்கள். கிழடுகள் நாங்கள் வரிசையில் நின்றோம். முதல் ஆள் யார் என்கிறீர்கள்? என் வீட்டுக்காரர்தான். தடியை ஊன்றி, நெற்றியை நீட்டிக்கொண்டு. எண்ணெய் வாசம் வந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் ஏரியூர்ப் பக்கம் எங்கள் சனத்துக்கு அந்த எண்ணெய் என்றாலே குலைநடுங்கும். சாமியார் அதைப் பூசினால் ஆள் பிழைக்காது என்று நம்பினோம். மூச்சு இழுக்கும்போதுதான் போய்க் கூப்பிடுவோம். அப்புறம் எங்கே பிழைப்பது?

எண்பதுகளில் ஒரு வருடம் மழையே இல்லை. கோயிலில் கிணறு ஆழப்படுத்தும் வேலை கொடுத்து, கூலியாகக் கோதுமை ரவை தந்தார்கள். பங்குச் சாமியாரே நின்று அளப்பார். களி தின்ற வாய்க்கு அந்த உப்புமா பஞ்சு மாதிரி இருக்கும். அதை விடுங்கள். ஒருநாள் வரிசையில் என்னைக் கேட்டார்.

“உன் வூட்டுக்காரன் எங்கம்மா? வேலைக்கே காணோம்?”

எனக்குச் சாமியாரிடம் பேச வராது. காய்ச்சலில் பிதற்றுகிறார், கஞ்சிகூட இறங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டேன். அவர் படியைக் கீழே வைத்துவிட்டு ஜீப்பை எடுத்தார். இறக்காத ரவை மூட்டைகள் பின்னால் அப்படியே கிடந்தன.

ஜீப் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு அக்கா கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். “ஐயோ, எண்ணெ வந்துருச்சே!” என்று மாரில் அடித்துக்கொண்டாள். உள்ளே கிடந்தவர் வெள்ளை அங்கியைக் கண்டதும் கட்டில் காலைக் கட்டிக்கொண்டார்.

“எண்ணெ வேணாங்க சாமி. சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க.”

“அது கோயில்ல இருக்குதுடா. ஜீப்புல ரவைதான் இருக்குது, பூசி வுடட்டுமா?”

மனிதர் பிடியை விடவில்லை. சாமியார் அங்கியைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு பனியனோடு வந்தார். அப்போதும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் கத்தினேன்.

“ஆசுபத்திரிக்குத்தான் கூப்புடறாரு. எந்திரிங்க!”

கை தானாக விட்டது. எண்ணெயைவிட உன் சத்தத்துக்குத்தான் பயந்தேன் என்று இன்றைக்கும் சொல்வார்.

முன்சீட்டில் சாமியாருக்கும் எனக்கும் நடுவே சாய்ந்து வந்தவர், இண்டூர் தாண்டும்போது முனகினார். “சாமி, எண்ணெ வேணாம். செபம் மட்டும் சொல்லுங்க.”

சாமியார் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, டீசல் பட்ட மறு கையை அவர் நெற்றியில் வைத்தார். கியர் மாற்ற மட்டும் எடுப்பார்; மறுபடி வைப்பார். தர்மபுரி வரைக்கும் செபம் ஓடியது. டைபாய்டு என்றார்கள். ஊசியில் தேறி வீடு வந்தார்.

இப்போது போன் போட்டால் ஆம்புலன்ஸ் வாசலுக்கே வருகிறது. கோயிலின் சேவை வேலைக்குத் தனிக் கட்டிடம், தனி ஆட்கள், சாமியாருக்குப் பூசை வைக்கும் வேலை மட்டும். குறை ஒன்றும் இல்லை. எண்ணெய்க்குப் பயப்படவும் ஆள் இல்லை. அந்த ஜீப் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ.

ஞாயிறு வெளியே வந்ததும் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

“எண்ணெ நல்லாத்தான் இருக்குது. இந்தச் சாமி கையிலதான் டீசல் வாசமே இல்ல.”